மழைக்கோட்டின் மேல் ஒரு பழி

ஐம்பத்திரண்டு வயதுக்குள் நான் செய்த தப்புகளை ஒரு ரயிலில் ஏற்றினால், கடைசிப் பெட்டி ஸ்டேஷனைத் தாண்ட மதியம் ஆகிவிடும். கல்யாணம் ஒரு பெட்டி. கல்யாணத்தைக் காப்பாற்ற வாங்கிய படகு ஒரு பெட்டி. அந்தப் படகை விற்கப் போய் இன்னொரு படகோடு திரும்பியது தனிப்பெட்டி. ஆனால் ஒரு தப்பை நான் நிஜமாகவே செய்திருக்க வேண்டுமே என்று நெஞ்சு பதைக்கக் காத்திருந்தது வாழ்க்கையில் ஒரே முறைதான். ஏப்ரல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து திங்கட்கிழமை காலை எட்டே முக்கால் வரை.

என் பெயர் நார்மன்ட் லெவெக். மெய்ன் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்காகத் தண்ணீர் பிடிக்கிறேன். படித்தவர்கள் இதைக் களஆய்வு என்பார்கள். நான் பண்ணை பண்ணையாகப் போய்க் குழாயைத் திறந்து பாட்டிலில் பிடித்து மூடி ஐஸ் பெட்டியில் வைக்கிறேன். அவ்வளவுதான் ஆய்வு.

தேடுவது ஒரு ரசாயனக் கூட்டத்தை. ஒட்டாத வாணலியில் ஒட்டாமல் இருப்பது அதனால். பீட்சா அட்டையில் எண்ணெய் ஊறாமல் இருப்பது அதனால். ஒருமுறை உண்டானால் அழியாது. மண்ணில் கிடக்கும், தண்ணீரில் இறங்கும், புல்லில் ஏறும், பாலில் வரும், நம் ரத்தத்தில் வந்து வாடகை கொடுக்காமல் வருடக்கணக்கில் குடியிருக்கும். முப்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துக் காகித ஆலைகளின் கழிவுச் சேற்றையும் ஊர்ச் சாக்கடைச் சேற்றையும் இலவச உரம் என்று வயல்களில் கொட்டினார்கள். அதோடு இதுவும் வந்து இறங்கியது. அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

இதைத் தேடுவதில் ஒரு சங்கடம் உண்டு. தேடுகிறவன் மேலேயே அது இருக்கும். அதனால் எங்களுக்கு விதிகள். தண்ணீர் பிடிக்கப் போகிற அன்று முகத்துக்குக் கிரீம் கூடாது. காகிதத்தில் சுற்றிய பர்கர் கூடாது. புதுச்சட்டை கூடாது, ஆறு தடவை துவைத்த பருத்திச் சட்டைதான். எல்லாவற்றுக்கும் மேலாக மழைக்கோட்டு கூடாது. மழைத்துளி அதன் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதே, அப்படி உருட்டுவதே நாங்கள் தேடுகிற சாமான்தான்.

இந்த விதிகளைப் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் யூன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர். குரல் உயர்த்தாதவர், கதவையும் சாத்தாதவர். அன்று சாத்தினார்.

"ப்ராக்டன் பண்ணைக் கிணறு நீங்கதானே பிடிச்சீங்க, நார்மன்ட்?"

"ஆமா, டாக்டர். ரெண்டு வாரம் முன்னாடி."

திரையை என் பக்கம் திருப்பினார். ஆயிரத்து நூற்று நாற்பது.

எங்கள் மாநிலம் போட்டிருக்கிற கோடு இருபது. இருபதைத் தாண்டினால் குடிக்காதே என்று அர்த்தம். நான் அந்த எண்ணில் புள்ளி எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தேன். புள்ளி இல்லை.

எண் என் கண்ணில் இல்லை. கொரீன்தான் இருந்தாள். ஹாலிஸ் ப்ராக்டனின் மனைவி. ஒன்பது வருடம் முன்னால் இருவரும் அந்தப் பண்ணையை வாங்கினார்கள். நாற்பத்தைந்து ஜெர்சி மாடுகள். என் வீட்டிலிருந்து மூன்று மைல். அவளுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போனது. இப்போது ஆறாவது மாதம். பேப்பரில் பக்கத்து மாவட்டக் கிணறுகளைப் பற்றிப் படித்துவிட்டு, "எங்களதையும் ஒரு தடவ பாத்துடேன்" என்று சொன்னவள் அவள்தான். நான் போய்ப் பிடித்த அன்று கையில் ஒரு பெரிய டம்ளரோடு வாசலில் நின்று, டாக்டர் நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே குடித்தாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை.

அப்போதுதான் எனக்கு அந்த ஞாபகம் வந்தது. வந்ததும் கிட்டத்தட்ட சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

"டாக்டர், நான் மழைக்கோட்டு போட்டிருந்தேன்!"

யூன் என்னையே பார்த்தார். "என்ன போட்டிருந்தீங்க?"

நடந்தது இதுதான். பால் அறைச் சுவரில் ஒரு குழாய் இருக்கிறது, கூரை விளிம்புக்கு நேர் கீழே. பாட்டில் நனையாது, பிடிக்கிற ஆள் நனைவான். பத்து நிமிடம் தண்ணீரை ஓடவிட வேண்டும். ஏழாவது நிமிடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பனிக்காலத்தில்தான் நிமோனியாவில் இரண்டு வாரம் கிடந்து எழுந்திருந்தேன். வண்டியின் பின் சீட்டில் புதுக் கோட்டு கிடந்தது. எனக்கு நானே வாங்கிக்கொண்ட பிறந்தநாள் பரிசு; வேறு யார் வாங்கித் தரப்போகிறார்கள். ஓடிப்போய் மாட்டிக்கொண்டேன். படிவத்தில் எழுதவில்லை. எழுதினால் புதுப்பையன்கள் ஒரு மாதம் சிரிப்பார்கள்.

என் வேலை வாழ்க்கையில் முதன்முறையாக மேலதிகாரி ஒருவர் நான் செய்த முட்டாள்தனத்தைக் கேட்டு முகம் மலர்ந்தார்.

"நிஜமாவா? கையெல்லாம் பட்டுதா?"

"நல்லா பட்டுது. கைமடிப்பிலேருந்து தண்ணி சொட்டிச்சு."

"பாட்டில்ல?"

"பாட்டில்லகூட விழுந்திருக்கலாம். நான் அவ்வளவு கவனமான ஆளு கிடையாது, டாக்டர். உங்களுக்கே தெரியும்."

தலையாட்டினார். பிறகு முகத்தின் மலர்ச்சி மெல்ல வாடியது. "கோட்டு கொடுத்தா அஞ்சு கொடுக்கும், பத்து கொடுக்கும். ஆயிரம் கொடுக்குமா?"

"புதுக் கோட்டு, டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "சாட்சி பாட்டில ஓட்டிப் பாத்துடலாம்."

சாட்சி பாட்டில் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்: ஆய்வுக்கூடத்திலிருந்தே சுத்தமான தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோவோம். கிணற்றடியில், அதே இடத்தில், அதே கையால், அதே காற்றில் அதை இன்னொரு காலிப் பாட்டிலுக்கு ஊற்றிக் கொண்டுவருவோம். கிணற்று நீரில் ஒன்றும் இல்லையென்றால் சாட்சியை யாரும் கூப்பிடுவதில்லை. இருந்தால்தான் கூப்பிடுவோம். சாட்சியிலும் அழுக்கு இருந்தால் குற்றவாளி பிடித்தவன். சாட்சி சுத்தமாக இருந்தால் குற்றவாளி கிணறு.

"எப்ப தெரியும்?"

"தயார் பண்ணி, மிஷின்ல ஏத்தி... திங்கள் காலை." யூன் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது, நார்மன்ட். போன வருஷம் என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. எங்கள் ஆள் ஒருவன் சாண்ட்விச் காகிதத்தைத் தொட்ட கையோடு தண்ணீர் பிடித்தான். அவசரப்பட்டுச் சேதியும் சொல்லிவிட்டான். அந்தப் பண்ணைக்காரர் பதினோரு நாள் பாலைக் கீழே கொட்டினார். பிறகுதான் கிணறு சுத்தம் என்று தெரிந்தது. அதற்குள் பால் வாங்குகிறவர்கள் வேறு பண்ணைக்குப் போய்விட்டார்கள். மாடுகளை விற்றார். விதி சரியான விதிதான். சரியான விதியோடு மூன்று நாள் உயிர் வாழ்வது எப்படி என்றுதான் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் நிறுத்திப் பன்னிரண்டு பெரிய தண்ணீர் கேன் வாங்கினேன். ப்ராக்டன் வீட்டு வாசலில் இறக்கும்போது ஹாலிஸ் மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தான். ஆறடி மூன்றங்குலம், பேச்சில் எல்லாம் கிண்டல்.

"என்னய்யா இது?"

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னான். எனக்கு எதுக்கு இத்தனை?"

"கிணறு வெச்சிருக்கிறவன் வீட்டுக்குத் தண்ணி கொண்டு வர்ற ஒரே ஆளு நீதான், நார்ம். அடுத்த வாரம் என்ன, சாணி கொண்டு வருவியா?"

"கொரீனுக்குக் குடு. மினரல் எல்லாம் இருக்காம். குழந்தைக்கு நல்லதாம்."

பொய் சொல்லும்போது என் காது சிவக்கும். நல்ல வேளை, குல்லாய் போட்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் விவசாயிகள் சங்கக் கூடத்தில் பீன்ஸ் விருந்து. எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் அதுதான்: வெல்லப்பாகும் பன்றிக்கொழுப்பும் போட்டு ராத்திரி முழுக்க வேகவைத்த பீன்ஸ், சிவப்பு சாசேஜ், கறுப்பு ரொட்டி. நீள மேசைகளில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கொரீன் கேக் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவாள். போனேன்.

மேசைக்கு மேசை கண்ணாடி ஜாடியில் பால் இருந்தது. ப்ராக்டன் பால். ஹாலிஸ் ஒவ்வொரு விருந்துக்கும் சும்மா கொடுப்பான். அந்த மாடுகள் அந்தக் கிணற்றைக் குடிக்கின்றன. பின் வயலின் புல்லைத் தின்கின்றன.

எனக்கு எதிரில் ஒரு நாலு வயதுப் பெண் மேல் உதட்டில் வெள்ளை மீசையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி டம்ளரை நீட்டினாள். அவள் அம்மா ஜாடியைத் தூக்கினாள். தூக்கியது தெரிந்தது, சாய்ந்தது தெரிந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்கு முன்னால் என் முழங்கை போய்விட்டது.

ஜாடி உருண்டு, மேசை முழுக்கப் பால் ஓடி, பாதிரியாரின் மடியில் இறங்கியது.

கூடமே கைதட்டியது. "அதானே, இன்னும் நார்ம் ஒண்ணும் கொட்டலையேன்னு பாத்தேன்!" என்று யாரோ கத்தினார்கள். அவப்பெயர் சில சமயம் உதவுகிறது. துணி எடுக்கப் போகிறவன்போல அடுத்த மேசை ஜாடியையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மூன்றாவது ஜாடியை எடுக்கும்போது கொரீன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைதட்டவில்லை.

கோட்டுகள் மாட்டுகிற நடைக்கு நான் தப்பித்துப் போனேன். அங்கே என் மழைக்கோட்டு ஆணியில் தொங்கியது. அதன் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனேன், ஏதோ முகர்ந்தால் தெரியும்போல. அதற்கு மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. அதுதான் அதில் பயமே.

"நார்ம்."

கொரீன் பின்னால் நின்றாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில்.

"சாப்பிட ஆரம்பிச்சதுலேருந்து என் டம்ளரையே பாக்குற. நேத்து பன்னெண்டு கேன் தண்ணி. இன்னிக்குப் பால ஒளிச்சு வெக்கிற. இப்ப கோட்ட மோந்து பாக்குற."

"கோட்டு புதுசு. அதான்..."

"காது சிவந்திருக்கு."

விதி எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுப்பவனே நான்தான். அவள் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண்ணில் கேள்வி இல்லை. பதிலைக் கண்டுபிடித்துவிட்டு அதைத் தவறென்று யாராவது சொல்லமாட்டார்களா என்ற கெஞ்சல் இருந்தது. விதியை மீறினேன். ரயிலில் இன்னொரு பெட்டி.

"எண் வந்திருக்கு. ஆனா அது எண்ணே இல்ல, கொரீன். நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன்." கோட்டுக் கதையைச் சொன்னேன். சாட்சி பாட்டிலைச் சொன்னேன். திங்கள் காலை என்றேன். எண்ணை மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"அப்ப நீ தப்பா பிடிச்சிருக்கலாம்."

"கண்டிப்பா இருக்கலாம்."

"எவ்வளவு தப்பா?"

"என்னைத் தெரியாதா உனக்கு? பாதிரியார் இன்னும் மடியத் துடைச்சுகிட்டு இருக்காரு."

சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியது, அவ்வளவுதான். ஹாலிஸ் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். அவள் நாலே வாக்கியத்தில் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

பிறகு என் தோளைப் பிடித்தான். பிடி வலித்தது. "வாழ்க்கையில ஆயிரம் தப்பு பண்ணியிருக்கேய்யா நீ. எல்லாத்தையும் பாத்து சிரிச்சிருக்கோம். இந்த ஒண்ணையும் பண்ணித் தொலைச்சிரு. சாகுற வரைக்கும் உன்ன முட்டாளேன்னு கூப்பிடமாட்டேன்."

"பாலை நிறுத்து, ஹாலிஸ். திங்கள் வரைக்கும்."

"டாங்கில நிக்குது. திங்கக்கிழமைதான் லாரி வரும். அதுக்குள்ள எங்கயும் போகாது." அவன் கொரீனைப் பார்த்தான். "நீ கேன் தண்ணியே குடி."

அவள் மெல்லச் சொன்னாள்: "ஆறு மாசம் குடிச்சாச்சு."

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்குப் போனேன். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமசுக்கும் தவிர நான் அந்தப் பக்கம் போகாதவன். பாதிரியார் என்னைக் கண்டதும் தன் அங்கியைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டார். கடைசி வரிசையில் முழந்தாள் போட்டேன். ஆண்டவரே, என்னை ஒரு முட்டாளாக்கும் என்று வேண்டினேன். ஐம்பத்திரண்டு வருடமாக ஆண்டவர் அதைக் கேட்காமலேயே செய்துகொண்டிருந்தார். கேட்டேன், நிறுத்திவிட்டார்.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. யூனிடமும் சொல்லவில்லை, கொரீனிடமும் சொல்லவில்லை. எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது ஒரு கோடைக்காலம் முழுக்கக் கழிவுச் சேறு லாரி ஓட்டினேன். ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு, சட்டை போடாமல், பின்னால் கறுப்பாகப் பீய்ச்சி அடிக்க, வயல் வயலாக. பயிருக்கு நல்லது என்றார்கள். நிஜமாகவே அந்த வருடம் புல் ஆள் உயரம் வளர்ந்தது. பண்ணைக்காரர் எனக்கு ஒரு பெட்டி பீர் கொடுத்தார். அந்தப் பண்ணைக்காரரிடமிருந்து மற்றொருவர் வாங்கினார். அவரிடமிருந்து ஹாலிஸ் வாங்கினான்.

ஆக, கிணற்றில் இருந்தாலும் குற்றவாளி நான்தான், பாட்டிலில் இருந்தாலும் குற்றவாளி நான்தான். எந்தக் குற்றம் என்று மட்டும் திங்கட்கிழமை முடிவாக வேண்டும். நான் கோட்டுக் குற்றத்துக்காக மன்றாடினேன். அதில் யாரும் சாகமாட்டார்கள்.

திங்கள் காலை ஏழு மணிக்கே ஆய்வுக்கூடத்தில் நின்றேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது பூனை உறுமுவதுபோல ஒரு சத்தம் வரும். பழகிய சத்தம்தான். அன்று அந்த அறையில் எங்களோடு வேறு ஏதோ மூச்சு விடுவதுபோல இருந்தது. யூன் எனக்கு ஒரு காபி கொடுத்தார். நான் குடிக்காமல் அதில் மிதந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தோன்றியது. ஒருமுறை தோன்ற ஆரம்பித்தால் நிற்காது.

எட்டே முக்காலுக்குத் திரையில் கோடு வந்தது. நேர்க்கோடு. மலை இல்லை, மேடு இல்லை, ஒரு எறும்புப் புற்றுகூட இல்லை.

"மறுபடி ஓட்டலாமா?" என்றேன்.

"ரெண்டு தடவ ஓட்டிட்டேன்." யூன் குரல் அடங்கியிருந்தது. "உங்க கை சுத்தம், நார்மன்ட். நீங்க ரொம்ப சரியா பிடிச்சிருக்கீங்க."

வேலையில் சேர்ந்து எட்டு வருடம். முதல் பாராட்டு. பின்பக்கம் போய், குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

உறுதிப்படுத்த இன்னொருமுறை பிடிக்க வேண்டும், விதி அது. நானே போகிறேன் என்றேன். கோட்டை மேசை மேல் விட்டுவிட்டுப் போனேன். பாதி வழியில் மழை.

பண்ணைக்குள் திரும்பும்போது பால் லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கிக் குழாயை மாட்டத் தயாராக நின்றான். ஹாலிஸ் பால் அறை வாசலில் நின்று என் வண்டியைப் பார்த்தான். நான் இறங்கினேன். மழையில் கோட்டில்லாமல் நின்ற நிலையே சொல்லியிருக்கும்.

"கோட்டு?" என்றான்.

"கோட்டு சுத்தம், ஹாலிஸ்."

அவன் டிரைவரிடம் திரும்பினான். "இன்னிக்கு இல்லப்பா. நீ கெளம்பு."

"டாங்க் ரொம்பிடுச்சே. என்ன ஆச்சு?"

"கெளம்புன்னு சொன்னேன்ல."

லாரி போனது. ஹாலிஸ் டாங்கின் அடிக்குழாயில் கை வைத்தான். திறக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் கிண்டல் இருந்த இடமெல்லாம் காலியாக இருந்தது.

"எங்கய்யா ஊத்துறது?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"கீழ ஊத்தினா மண்ணுக்குப் போகும். மண்ணுலேருந்து கிணத்துக்கு. சாக்கடையில ஊத்தினா ஆத்துக்கு. இன்னும் ஆறு மணி நேரத்துல நாப்பத்தஞ்சும் மடி கனத்துப்போய் கத்தும், திரும்பக் கறக்கணும். கறந்து எங்க ஊத்துறது? சொல்லேன். நீதானே ஆராய்ச்சி."

அவன் கொட்டகைக்குள் போய்விட்டான். உள்ளே ஏதோ வாளி சுவரில் மோதும் சத்தம் கேட்டது, ஒருமுறைதான்.

நான் குழாயடிக்குப் போய்த் திறந்துவிட்டேன். தண்ணீர் பளிங்குபோல வந்தது. பத்து நிமிடம். மழை வலுத்தது. பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டியது, பல் கிட்டித்தது. பாட்டில்களை எடுத்தபோது வீட்டுக் கதவு திறந்தது. கொரீன் குடையை விரித்துக்கொண்டு சேற்றில் கால் பதிய வேகமாக வந்தாள்.

"பைத்தியமா நீ? இப்பதான் நிமோனியா வந்துச்சு, இந்த மழையில..."

"கிட்ட வராத!" என்று கத்தினேன். "குடை! குடைய மூடு!"

அவள் நின்றாள். தலைக்கு மேலிருந்த குடையை நிமிர்ந்து பார்த்தாள். துளிகள் முத்து முத்தாக அதன் மேல் உருண்டு ஓடின. கையில் இருப்பது பாம்பு என்று அப்போதுதான் தெரிந்தவள்போல அதை மெதுவாக மடக்கினாள்; விறகுக் குவியலின் பின்னால் எறிந்தாள். பிறகு வெறுந்தலையோடு வந்து என்னருகில் நின்றாள்.

"உள்ள போ, கொரீன்."

"நீ நனையிற."

"எனக்கு என்ன, நான் கிழவன்."

"கோட்டு சுத்தமா?"

"சுத்தம்."

தலையாட்டினாள். ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். "அந்த முதல் ரெண்டும்..." என்றாள். முடிக்கவில்லை.

"தெரியல."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்குமே இன்னும் தெரியல. தெரிஞ்சுக்கத்தான் இப்படி ஊரு ஊரா பிடிச்சுகிட்டு இருக்கோம்."

"இதுக்கு?" வயிற்றின் மேல் கை வைத்தாள்.

"ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. உன் டாக்டர்கிட்ட யூனே பேசுறாங்களாம். இன்னிக்கே." இருக்கிற தைரியத்தையெல்லாம் கூட்டிக்கொண்டேன். "கொரீன், அந்தப் பின் வயல்ல சேறு அடிச்சது நான்தான். பத்தொம்பது வயசுல. லாரி ஓட்டினது நான்."

அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்கிட்ட என்ன சொன்னாங்க?" என்றாள்.

"பயிருக்கு நல்லதுன்னாங்க."

"எங்கிட்ட நிறைய தண்ணி குடிம்மான்னாங்க."

குழாயைப் பார்த்தபடி அவள் சொன்னாள். கோபமா, மன்னிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

பத்து நிமிடம் முடிந்தது. முதல் பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்தபோது அது விரலிலிருந்து நழுவப் பார்த்தது. மூடியைக் கீழே வைக்கக் கூடாது என்பது விதி. பைக்குள் போடக் கூடாது. மழை படக் கூடாது. இப்போது மழையிலும் அது இருக்கிறது, உலகத்தில் எங்கே பெய்கிற மழையிலும் துளியூண்டு இருக்கிறது.

"குடு இப்படி" என்றாள்.

பெட்டியிலிருந்து ஒரு ஜோடிக் கையுறை எடுத்து நீட்டினேன். மாட்டிக்கொண்டாள்.

"குடையக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வரட்டுமா?" என்றாள் திடீரென்று. "லேசா. ஒரு சொட்டு. இன்னொரு தடவ நம்பிக்கிட்டு இருக்கலாம்ல?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"வேணாம்" என்றாள் அவளே. "பிடி."

மூடியை அவள் கையில் வைத்தேன். அதைக் கவிழ்த்து, கூரைக்குக் கீழே, உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள், குளிரில் ஏதோ ஒரு குஞ்சைப் பொத்திப் பிடிப்பதுபோல. மறுகை வயிற்றின் மேல் இருந்தது. நான் பாட்டிலைக் குழாய்க்குக் கீழே கொண்டுபோனேன். கழுத்துவரை நிரம்பியதும் அவளிடமிருந்து மூடியை வாங்கினேன். ஒரு தப்பும் செய்யவில்லை.